குணரத்தினத்தின் ஒரே வெடி

திலகம் ஒரு வீட்டுக்குப் போகும்போது கையில் பலகார டப்பா இருந்தால் அது சும்மா வருகை. வெறுங்கையோடு போனால் விஷயம் இருக்கிறது. கிளென் வேவர்லிப் புறநகரில் அந்தத் தெருவில் இருக்கிற அத்தனை தமிழ் வீடுகளுக்கும் இது தெரியும். செவ்வாய்க்கிழமை காலை அவர் வெறுங்கையோடு, வீட்டுச் செருப்பைக்கூட மாற்றாமல், சிவசோதியின் வாசல் மணியை அடித்தார். எதிர்வீட்டு யன்னல் திரை லேசாக அசைந்தது. அசையாமல் இருந்தால்தான் அதிசயம்.

சிவசோதி இன்சூரன்ஸ் கம்பனி ஒன்றில் சேதங்களை மதிப்பிடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அடுப்போடு கருகிய குசினியையும் நசுங்கிய காரையும் பார்த்து, நடந்தது விபத்தா வேண்டுமென்றே செய்ததா என்று சொல்லுகிற வேலை. ஓய்வு எடுத்தவரைத் தெரு ஓய்வெடுக்க விடவில்லை. யாருடைய வேலியை யார் இடித்தது, கோயில் குத்துவிளக்கு எந்தக் காரில் போனது என்று எல்லா வழக்கும் அவர் வீட்டுக்குத்தான் வரும். அவர் அவசரப்படமாட்டார். குரலை உயர்த்தமாட்டார். வந்தவர் தானாக வாய் திறக்கும்வரை தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே இருப்பார்.

பக்கத்து வீட்டு ஸ்ரீகாந்த் அவருடைய உதவியாளன். யாரும் நியமிக்கவில்லை, தானாக வந்து ஒட்டிக்கொண்டவன். கோயம்புத்தூர்க்காரன், நாற்பது வயதை நெருங்குகிற ஐ.டி. மனிதன். வீட்டிலிருந்து வேலை என்று சொல்வான். அவன் வேலை செய்ததை யாரும் கண்டதில்லை. திலகம் கதிரையில் அமர்வதற்கு முன்பே அவன் பின்கதவால் வந்து உட்கார்ந்துவிட்டான்.

"சோதி அக்கா, என்ர மனிசன் சாப்பிடுறார் இல்லை," என்றார் திலகம். "அந்த வரிக்குதிரைத் தோலைப் பாத்துக்கொண்டு இருக்கிறார். வரதர் சனிக்கிழமை வீட்டை ஏலம் விடுறார். மகனோட இருக்கச் சிட்னியில கெல்லிவில்லுக்குப் போறாராம். இவரிட்ட ஒரு சொல்லுச் சொல்லேல்லை. வாசல்ல நட்ட போட்டைப் பாத்துத்தான் எங்களுக்கே தெரியும்."

விற்பனைப் பலகையைத் தெரு முழுவதும் பார்த்திருந்தது. நல்ல பள்ளிக்கூடத்தின் சேர்க்கை எல்லைக்குள் வருகிற வீடு. என்ன விலைக்குப் போகும் என்று எல்லோரும் ஆளுக்கொரு கணக்குப் போட்டு முடித்தும் விட்டார்கள். ஆனால் வரதராஜா ஏன் போகிறார் என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை.

திலகத்தின் கணவர் குணரத்தினமும் வரதராஜாவும் மாணவர்களாக ஒரே அறையில் தங்கியவர்கள். ஒருவர் வீதி போடுகிற எஞ்சினியர், மற்றவர் மருந்துக்கடைக்காரர். ஒரே தெருவில் வீடு வாங்கினார்கள். ஸ்பிரிங்வேல் பக்கத்துத் துப்பாக்கிச் சுடுகழகத்தில் சேர்ந்து ஞாயிறு தோறும் கடதாசி இலக்கைச் சுட்டுத் திரிந்தார்கள். வரதராஜாவின் மனைவி காலமானபின் இரண்டு பேரும் காலையில் ஒன்றாக நடந்து, ஒன்றாகக் கோப்பி குடித்து, ஒரே பேப்பரைப் பங்குபோட்டு வாசித்தார்கள். போன வருடம் தென்னாப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனதும் ஒன்றாகத்தான். 'வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் தொடாத மனிசர் வரிக்குதிரை சுடப் போகினமாம்' என்று தெரு ஒரு மாதம் சிரித்தது.

"தோல் வந்து சேர்ந்த பிறகு வீட்டில ஒரு விழா வைச்சம். நீங்கள் அப்ப சிட்னியில," திலகம் தொடர்ந்தார். "இவர் மைக் பிடிச்சு, ஒரே வெடியில விழுத்தின கதையைச் சொன்னவர். அதோட வரதர் எழும்பிப் போட்டார். சாப்பிடவும் இல்லை. அண்டையிலயிருந்து போன் எடுத்தாலும் எடுக்கிறார் இல்லை. இவரைக் கேட்டா வாயே திறக்கிறார் இல்லை." அவர் கதிரையைச் சிவசோதியின் பக்கம் இழுத்தார். "சனிக்கிழமை அந்த மனிசன் போட்டாரெண்டா, இவர் உயிரோட இருக்கமாட்டார் அக்கா. எனக்குத் தெரியும்."

சிவசோதி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "நான் பாக்கிறன். நீங்கள் முதல்ல தேத்தண்ணியைக் குடியுங்கோ."

திலகம் போனதும் ஸ்ரீகாந்த் பொறுக்கமாட்டாமல் எழுந்தான். "ஆன்ட்டி, இது ரொம்ப சிம்பிள். சுட்டது வரதராஜா அங்கிள். பேர் வாங்கிக்கிட்டது குணரத்தினம் அங்கிள். ஊரே அப்படித்தான் பேசுது."

"ஊர் விழாவுக்கு வந்தது மட்டும்தான், வேட்டைக்குப் போகேல்லை. நீர் வீடியோ எடுத்தனீரெல்லோ? கொண்டாரும்."

வீடியோவைச் சிவசோதி சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "கதையைக் கேட்டா முகத்தைப் பாக்கமாட்டம்," என்றார். திரையில் குணரத்தினம் மைக்கைப் பிடித்து ஏதோ சொல்கிறார். கூட்டம் கை தட்டுகிறது. முன்வரிசையில் வரதராஜாவும் கை தட்டுகிறார். புன்னகைக்கிறார். ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். பிறகு குணரத்தினம் ஒரு பொன்னாடையைத் தோளில் போட்டுக்கொண்டு, கையைக் காட்டி அவரை மேடைக்கு அழைக்கிறார். வரதராஜா சிரித்தபடியே எழுந்து பாதித் தூரம் வருகிறார். குணரத்தினம் மூலையில் கிடந்த யன்னல் திரைத் தடியைத் துப்பாக்கிபோல நீட்டுகிறார். வரதராஜாவின் வலக்கை காற்சட்டைப் பைக்குள் போகிறது. அப்படியே திரும்பி, கதவைத் தாண்டிப் போய்விடுகிறார்.

"அந்த இடத்தில குணரத்தினம் என்ன சொன்னவர்?"

ஸ்ரீகாந்த் சத்தத்தைக் கூட்டினான். குணரத்தினத்தின் குரல் பெருமையில் பொங்கியது: "இப்ப என்ர நண்பன் துவக்கை எப்பிடிப் பிடிக்கிறதெண்டு உங்களுக்குக் காட்டுவார்!"

"பாருங்க ஆன்ட்டி, சுட்டவரையே கூப்பிட்டு டெமோ காட்டச் சொல்றாரு. யாருக்குத்தான் கோபம் வராது?"

சிவசோதி வீடியோவை மறுபடி முதலிலிருந்து போட்டார்.

மறுநாள் காலை இருவரும் குணரத்தினம் வீட்டுக்குப் போனார்கள். தோல் வரவேற்பறைச் சுவர் முழுவதையும் பிடித்திருந்தது. வயிற்றுப் பக்கமாகக் கிழித்து விரித்த தோல். முதுகின் கோடு நடுவில், வலப்பக்கமும் இடப்பக்கமும் இறக்கை விரித்ததுபோல. அதன் ஒரு மூலையை மறைத்தபடி ஒரு பெரிய பூச்சாடி. அதில் இருந்த செடி பாதி பழுத்துப் போயிருந்தது.

"வெளிச்சமே இல்லாத இடத்தில வைச்சா பழுக்காமல் என்ன செய்யும்?" திலகம் முணுமுணுத்தார். "யன்னலடிக்கு மாத்த விடுறாரில்லை. அங்கதான் நிக்கவேணுமாம்."

குணரத்தினம் சோபாவில் ஒடுங்கிப்போய் இருந்தார். எப்போதும் வாய் மூடாத மனிதர், 'வாங்கோ' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். வலது புருவத்துக்கு மேலே பிறைபோல ஒரு தழும்பு.

"வேட்டையில ஜீப் கதவு இடிச்சதாம்," என்றார் திலகம், யாரும் கேட்காமலே.

சிவசோதி தோலுக்கு முன்னால் போய் நின்றார். "எனக்கொரு ஆசை, குணம். இதை எங்க, எப்பிடிச் சுடவேணுமெண்டு சொல்லித்தாருங்கோ. ஸ்ரீகாந்துக்கும் கேக்க விருப்பமாம்."

ஸ்ரீகாந்த் வேகமாகத் தலையாட்டினான். சில மனிதர்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொன்னால் போதும், காய்ச்சல்கூட விட்டுப்போகும். குணரத்தினம் எழுந்தார். தோளை நிமிர்த்தினார்.

"பாக்கிறதுக்குக் குதிரை. ஆனா சரியான கடின மிருகம். பிழையான இடத்தில பட்டா விழாது. ஓடும். ஓடிப்போய்க் கூட்டத்துக்குள்ள கலந்திடும். எல்லாம் ஒரே வரி, எதைச் சுட்டனாங்கள் எண்டே தெரியாது. அதாலதான் முதல் வெடி சரியா இருக்கவேணும்." அவர் விரல் தோளைத் தொட்டது. "முன்னங்காலுக்கு நேர மேல போங்கோ. உடம்பின்ர உயரத்தில மூண்டில ஒரு பங்கு. இந்தா, தோள் வரியள் வந்து முக்கோணமாச் சேருதெல்லோ? அதுக்குக் கொஞ்சம் கீழ. இருதயமும் சுவாசப்பையும் அங்கதான்."

"எப்படி நின்னாலும் அங்கேயேதானா அங்கிள்?"

"இல்லை தம்பி. பக்கவாட்டில நிக்கும்வரை பொறுக்கவேணும். சரிஞ்சு நிண்டா, அங்கால் பக்க முன்னங்காலை நினைச்சுச் சுடவேணும். குண்டு நுழையிற இடமில்லை, போய்ச் சேருற இடம்தான் முக்கியம். பின்பக்கத்தைக் காட்டினா துவக்கை இறக்கிப்போட வேணும். பின்னால இன்னொண்டு நிண்டாலும் சுடக்கூடாது. துளைச்சுக்கொண்டு போய் அதையும் விழுத்தும். சுடாமல் விடுறதுதான் இதில அரைவாசி வித்தை."

"தொலைநோக்கி வழியாத்தானே பாக்கிறனீங்கள்?" என்று கேட்டார் சிவசோதி.

"ஓம். ஆனா கண்ணை ஒட்டக்கூடாது. நிலத்தில இருந்துகொண்டு மேட்டைப் பாத்துச் சுடேக்க முகம் தன்ர பாட்டில முன்னுக்குப் போயிடும். அவசரத்தில கவனிக்கமாட்டம். துவக்கு உதைக்கேக்க அந்த வட்ட விளிம்பு வந்து..." அவருடைய கை நெற்றிப் பக்கம் போய், பாதியில் இறங்கியது.

"நீங்கள் இதை எப்பிடிச் சுட்டனீங்கள்?"

"சமதரை. மூண்டுகால் தடியில துவக்கை வைச்சு, நிண்டுகொண்டு சுட்டனான். இடப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிண்டது. ஒரே வெடி. அந்த இடத்திலேயே விழுந்திட்டுது." விழாவில் சொன்னது சொல்லுக்குச் சொல் அதேதான். ஆனால் குரலில் உயிரில்லை.

சிவசோதி வாசிப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தோலைக் கிட்டத்தில் பார்த்தார். பதனிட்டவர்கள் ஓட்டைகளை நூலால் தைத்திருந்தார்கள். வலப்பக்கத் தோளில், முக்கோணத்துக்குக் கீழே, தாழ்வாக ஒரு பொட்டளவு தையல். இடப்பக்கத்தில், பிடரிமயிருக்குக் கிட்ட உயரத்தில், விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல் தையல். பிறகு அவர் குனிந்து, யாரும் தடுப்பதற்குள், பூச்சாடியை ஒரு சாண் நகர்த்தினார். இடப்பக்கப் பின்தொடைக்குச் சற்று முன்னால், வயிறு இருக்கிற இடத்தில், இன்னொரு பொட்டளவு தையல்.

அவர் சாடியைப் பழைய இடத்துக்கே தள்ளிவைத்தார். குணரத்தினம் அவரைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் ஸ்ரீகாந்த் குதித்தான். "ஆன்ட்டி! ரெண்டு குண்டு! குணரத்தினம் அங்கிள் வயித்துல சுட்டுட்டாரு. வரதராஜா அங்கிள் வந்து முடிச்சு வெச்சிருக்காரு. கேஸ் முடிஞ்சுது!"

"இரண்டு குண்டு சரி," என்றார் சிவசோதி. "மிச்சம் பிழை. வாரும், வரதரையும் பாத்திட்டு வருவம்."

வரதராஜாவின் வீட்டு முற்றத்தில் ஏலப் பலகை நின்றது. உள்ளே ஏஜென்ட் கொண்டுவந்து போட்ட வாடகை நாற்காலிகளும் போலிப் பூக்களும். குப்பைத் தொட்டி தள்ளப்போகும்போதுகூட முழுக்கைச் சட்டையில் மணிக்கட்டுவரை பொத்தான் பூட்டிக்கொண்டு வருகிற மனிதர், கழுத்தால் மாட்டுகிற பனியனோடு கதவைத் திறந்தார். காலில் நாடா இல்லாத சப்பாத்து. 'மனிசி போன பிறகு ஆள் கவனமில்லாமல் போனார்' என்று தெரு ஏற்கெனவே பரிதாபப்பட்டு முடித்திருந்தது.

"குசினியில எல்லாம் இருக்கு. நீங்களே தேத்தண்ணி போட்டு எடுங்கோ," என்றார். ஸ்ரீகாந்துக்கு வியப்பாக இருந்தது. வேறு ஒருவரைத் தன் குசினிக்குள் விடாத மனிதர் அவர் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை.

சிவசோதி மூன்று கப் ஊற்றிக்கொண்டு வந்தார். வரதராஜா தன்னுடையதைத் தொடவில்லை. கைகள் மடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

"குணத்தில கோவமோ?"

"எனக்கோ? அவனிலயோ?" அவர் உண்மையாகவே திகைத்தார். "இல்லையப்பா. அவனைப் போல ஒருத்தன் கிடைக்கமாட்டான்."

"அப்ப மகன் யசோதரன் கட்டாயப்படுத்திக் கூப்பிடுறானோ?"

"அவன் எப்பவும் கூப்பிடுறவன்தான். நான்தான் இப்ப வாறன் எண்டனான்." அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். "நல்ல வடிவான மிருகம் சோதி அக்கா, அது. அதுக்கு அப்பிடி ஒரு சாவு வந்திருக்கக்கூடாது."

தேத்தண்ணியில் ஆடை படிந்துகொண்டிருந்தது. சிவசோதி எழுந்தார். "போறதுக்கு முன்னம் திலகத்திட்டச் சொல்லிப்போட்டுத்தானே போவீங்கள்? வெள்ளி காலமை வாங்கோ. நானும் வருவன்."

வரதராஜா தயங்கினார். வீட்டை விற்கலாம், போனை எடுக்காமல் இருக்கலாம். சாப்பாடு போட்ட வீட்டுக்குச் சொல்லாமல் போகமுடியாது. "ஓம்," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் வந்தபோது குணரத்தினம் எழுந்து நின்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து, இரண்டு பேரும் வேறு பக்கம் திரும்பினார்கள். திலகம் எதிரெதிரே கதிரை போட்டு உட்காரவைத்துவிட்டுக் குசினிக்குள் போனார். ஸ்ரீகாந்த் கைப்பேசியைத் தூக்கினான்.

"அதைப் பொக்கற்றுக்குள்ள வையும்," என்றார் சிவசோதி. அவன் வைத்தான். "இப்ப ஒரு கதை சொல்லப்போறன். பிழையெண்டா சொல்லுங்கோ. ஸ்ரீகாந்த், தோலில எத்தினை தையல்?"

"மூணு ஆன்ட்டி."

"ஒரு குண்டு நுழையிற ஓட்டை சின்னது. வெளிய வாறது கிழிச்சுக்கொண்டு வரும். வலத் தோளில தாழ்வா ஒரு சின்ன ஓட்டை. இடப்பக்கம் பிடரிக்குக் கிட்ட ஒரு பெரிய கிழிசல். இரண்டும் ஒரே குண்டு. வலப்பக்கத்தால நுழைஞ்சு, மேல ஏறி, அங்கால வந்திருக்கு. அப்ப சுட்டவர் எங்க இருந்திருப்பார்?"

"கீழ!" ஸ்ரீகாந்த் கத்தினான். "அது மேட்டுல நின்னுருக்கு. அங்கிள் சமதரைன்னாரு. இடப்பக்கம்னாரு!"

"ஓம். மேட்டைப் பாத்து, அவசரமா, நிலத்தில இருந்தபடி சுட்டால் புருவம் கிழியும் எண்டு குணமே எங்களுக்குச் சொல்லித்தந்தவர். ஜீப் கதவு இடிச்சா பிறை மாதிரித் தழும்பு வராது. அந்த அருமையான வெடி, தோள் முக்கோணத்துக்குக் கீழ வைச்ச வெடி, குணத்தின்ர தான். அதில பொய்யில்லை."

ஸ்ரீகாந்த் மூன்று நாளாகக் கட்டிய கோட்டை அவன் கண்முன்னே சரிந்துகொண்டிருந்தது. "அப்ப அந்த வயித்துல..."

"சோதி அக்கா, போதும்." குணரத்தினம் எழுந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. "இரண்டையும் நான்தான் சுட்டனான். முதல் வெடி பிழைச்சது. வெக்கத்தில மறைச்சனான். முடிஞ்சுது. எல்லாரும் தேத்தண்ணி குடியுங்கோ."

"வயித்தில பட்ட குண்டு இடப்பக்கத்தால நுழைஞ்சு உள்ளேயே நிண்டிட்டுது. நீங்கள் சொன்ன இடப்பக்கமும் சமதரையும் மூண்டுகால் தடியும் பொய்யில்லை. அது முதல் வெடியின்ர கதை." சிவசோதியின் குரல் தாழ்ந்தது. "புருவம் கிழியிறதையும் பாக்காமல், இருந்த இருப்பில மேட்டைப் பாத்து இப்பிடிச் சுடத் தெரிஞ்ச மனிசன், தடியில துவக்கை ஊண்டி, ஆறுதலாப் பாத்து, அவ்வளவு பின்னால போய்ச் சுடமாட்டார். குணம், நீங்கள் சாடியை வைச்சு மறைச்சது உங்கட பிழையை இல்லை."

குணரத்தினம் உட்கார்ந்தார்.

"அப்போ வரதராஜா அங்கிள் ஏன் விழாவுல எழுந்து போனாரு?" ஸ்ரீகாந்த் மெதுவாகக் கேட்டான். "கதை அவரைக் காப்பாத்தத்தானே செஞ்சுது?"

"அது எனக்குத் தெரியும். ஆனா சொல்லுறது என்ர வேலையில்லை," என்றார் சிவசோதி.

திலகம் தட்டோடு வந்தார். அந்த வீட்டு வழக்கப்படி ஒவ்வொரு கப்பும் விளிம்புவரை நிறைந்திருந்தது. வரதராஜாவுக்கு முன்னால் ஒன்றை வைத்தார். வெளியே எங்கோ புல்வெட்டும் இயந்திரம் ஒன்று ஓடி ஓய்ந்தது.

வரதராஜா கப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடியிலிருந்து வலக்கையை எடுத்தார். மேசைக்கு மேலே வந்ததும் அது நடுங்கத் தொடங்கியது. கப்பைத் தூக்கியபோது சாசர் கிடுகிடுவென்று சத்தமிட்டது. தேத்தண்ணி விரல்களில் வழிந்து, திலகத்தின் வெள்ளை மேசைவிரிப்பில் சொட்டியது. சுட்டிருக்கும். அவர் கீழே வைக்கவில்லை.

"பாத்தியோ, குணம்?"

குணரத்தினம் பார்த்தார்.

"அண்டைக்கும் இப்பிடித்தான். தடியில வைச்சும் நிக்கேல்லை. உன்னட்ட 'நீ சுடு' எண்டு சொல்லியிருக்கலாம். ஒரு சொல்லு. வெக்கத்தில விசையை அமத்தினன்." வரதராஜா கப்பை மெல்ல இறக்கினார். "அது மத்தியானம் முழுக்க வயித்தில குண்டோட நடந்தது. பொழுது படும்வரை நாங்கள் பின்னால போனம். மேட்டில ஏறி நிண்டு ஒருக்கா திரும்பிப் பாத்தது. நீதான் முடிச்சு வைச்சாய். முகமெல்லாம் ரத்தம் உனக்கு. அதைத் துடைக்க முன்னம் என்ர தோளைப் பிடிச்சு, 'வெயில் கண்ணில அடிச்சிருக்குமடா' எண்டாய்."

"வெயில் எண்டுதான் நினைச்சனான்," என்றார் குணரத்தினம். "சத்தியமா. பிறகு நான் பொய்க்கதை சொன்னதில நீ கோவிச்சுக்கொண்டாய் எண்டு..."

"பொய்க்கதையில என்ன கோவம்? அது எனக்குப் பிடிச்ச கதையடா. அதில அது உடன செத்துப்போகுது. ஒரு நோவும் இல்லை. அதுக்குத்தான் நான் கை தட்டினனான்." அவர் கண்ணைத் துடைத்தார். "பிறகு நீ மரியாதை செய்யக் கூப்பிட்டாய். தடியை நீட்டினாய். அவ்வளவு சனத்துக்கு முன்னால அதை எப்பிடிப் பிடிப்பன்?"

கூப்பிடாமல் விட்டால் குறை. கூப்பிட்டதில் இப்படி ஒரு குறை வருமென்று விழா வைத்த எந்தத் தமிழன் நினைப்பான்? தெருவில் எல்லோரும், அந்த மனிதருக்கு மரியாதை கிடைக்கவில்லை என்றல்லவா பேசிக்கொண்டிருந்தார்கள். கிடைத்ததில்தான் அவர் ஓடினார்.

"அதுக்காகவோ வீட்டை வித்துப்போட்டுப் போறாய்?"

"வேறென்ன செய்ய? இஞ்ச இருந்தா உனக்குத் தெரியவரும். தெரிஞ்சா நீ ஒவ்வொரு காலமையும் வந்து எனக்குச் சேட்டுப் பொத்தான் பூட்டுவாய். எனக்கு அதுதான் பயம்."

"பூட்டுவன்தான்!" குணரத்தினம் கத்தினார். கத்தும்போதே அழுதார். "பூட்டினா உனக்கென்னடா? டொக்டரிட்டப் போனியோ?"

"இல்லை."

"சீவியம் முழுக்க ஊருக்கு மருந்து எண்ணிக் கொடுத்த மனிசன், தன்ர கையைக் கொண்டுபோய் ஒரு டொக்டருக்குக் காட்டேல்லை. மடையா! சுத்த மடையா!"

"சாப்பிட்டிட்டு அடிபடுங்கோ," என்றார் திலகம். அவரும் அழுதுகொண்டுதான் இருந்தார். ஆனாலும் அடுப்பில் ஏதோ ஏற்கெனவே இருந்தது.

வரதராஜா அந்த இடத்திலிருந்தே மகனுக்குப் போன் எடுத்தார். விரல் இரண்டுமுறை பிழையான இடத்தில் பட்டது. குணரத்தினம் உதவிக்குக் கையை நீட்டி, பிறகு தானே இழுத்துக்கொண்டார். மூன்றாவது முறை சரியாக விழுந்தது.

"யசோ, எனக்குக் கை நடுங்குது. கனநாளா."

"ஐ நோ, அப்பா," என்றது யசோதரனின் குரல். "போன முறை இங்க வந்து சாப்பிடேக்க பாத்தனான். நீங்களாச் சொல்லட்டும் எண்டு பொறுத்தனான். அப்ப இங்க வாறீங்கள்தானே?"

வரதராஜா எதிரே இருந்தவரைப் பார்த்தார். "இல்லை, யசோ. வந்து போறன். இருக்கிறது இஞ்சதான்."

வரதராஜா போனை வைத்தபின் சிவசோதி எழுந்து ஸ்ரீகாந்தின் முதுகில் தட்டினார். இருவரும் முன்கதவால் வெளியே வந்தார்கள்.

"உங்களுக்கு எப்ப ஆன்ட்டி தெரியும்?" ஸ்ரீகாந்த் படியிறங்கும்போதே கேட்டான்.

"வீடியோவிலேயே பாதி. கோவம் வந்த மனிசர் கையை ஓங்குவினம், இவர் ஒளிச்சவர். பிறகு பனியன், நாடா இல்லாத சப்பாத்து, தொடாத தேத்தண்ணி. நிறைஞ்ச கப்பைத் தூக்கேலாத மனிசர் தேத்தண்ணி ஊத்தவும் ஏலாது. அதுதான் எங்களைக் குசினிக்குள்ள விட்டவர். அதோட 'அப்பிடி ஒரு சாவு' எண்டார். குணத்தின்ர கதையில அது நோகாமல் செத்தது. மற்றச் சாவைச் சுமக்கிறவர் ஆர் எண்டு அதில தெரிஞ்சுது."

"அப்போ அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. வெள்ளிக்கிழமை வரைக்கும் ஏன் வெயிட் பண்ணீங்க?"

"நான் சொன்னா அது செய்தி. அவர் சொன்னா, அவரின்ர வாய்ச்சொல்லு." அவர் நடந்துகொண்டே சொன்னார். "நீர் இதை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது."

ஸ்ரீகாந்த் சத்தியம் செய்தான். காப்பாற்றியும் இருப்பான், பாவம். ஆனால் அதற்கு அவசியம் இல்லாமல் போயிற்று.

சனிக்கிழமை காலை ஏலத்துக்குத் தெரு நிறையச் சனம். பிள்ளைத் தள்ளுவண்டிகளோடு இளம் சோடிகள். வாங்கும் எண்ணம் கொஞ்சமும் இல்லாமல், விலை கேட்க மட்டும் வந்த அயலவர்கள். வீடு விற்பனைக்கில்லை என்று ஏஜென்ட் வாடிய முகத்தோடு அறிவித்தார். ஏன், எதற்கு என்று கூட்டம் அலைமோதியது. வரதராஜா தானாகவே வாசலுக்கு வந்தார். கைகளைப் பைக்குள் விடவில்லை.

"எனக்குக் கை நடுக்கம்," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி, தமிழிலும் பிறகு இங்கிலிஷிலும். "அதால வீட்டை விக்கலாமெண்டு நினைச்சன். இப்ப விக்கேல்லை. மன்னிக்கவேணும்."

அந்தத் தெருவில் அப்படி ஒரு அமைதியை யாரும் கேட்டதில்லை. ஒரு செய்தியைச் சொந்தக்காரரே வந்து முழுதாகச் சொல்லிவிட்டால் பிறகு மற்றவர்களுக்கு என்ன வேலை?

குணரத்தினம் அவருக்குப் பக்கத்தில் நின்றார். "திங்கட்கிழமை ஸ்பெஷலிஸ்டிட்ட போறம்," என்று கூட்டத்துக்கும் சேர்த்து அறிவித்தார். "நான்தான் கார் ஓடுறன்."

"நீயோ?" வரதராஜா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீ ஓடினா எனக்குக் கை மட்டுமில்லையடா, உடம்பு முழுக்க நடுங்கும்."

முதலில் சிரித்தது குணரத்தினம்தான்.